தோரோங் லா கணவாயைக் கடக்கத் திட்டமிடுவது எப்படி? முதன்முறை செல்பவர்களுக்கான வழிமுறை

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி நடக்கும் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் மிக உயர்ந்த இடம் தோரோங் லா கணவாய், 5,416 மீட்டர். கயிறோ பனிக்கோடரியோ தேவையில்லை. வழியெங்கும் தங்குவதற்கு விடுதியும் சாப்பிடச் சூடான தால் பாத்தும் (பருப்பும் சோறும்) கிடைக்கும். அதனால் நல்ல உடற்பயிற்சி உள்ள எவரும் போய்விடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். ஆனால் அந்தக் கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. கால் வலிமையைக் கொண்டு அதை ஈடுகட்ட முடியாது. உடல் பழகுவதற்கு நாட்கள் வேண்டும். ஆகவே திட்டத்தை விடுப்பு நாட்களிலிருந்து தொடங்காமல், உயரத்திலிருந்து தொடங்குங்கள்.

படி 1: இரவில் தூங்கும் உயரங்களை எழுதுங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு இரவும் எந்த ஊரில், எத்தனை மீட்டரில் தூங்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். பகலில் எவ்வளவு ஏறினாலும் உடலுக்கு முக்கியம் இரவில் தூங்கும் உயரம்தான். மலை மருத்துவம் சொல்லும் விதி எளிது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தைய இரவைவிடச் சுமார் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்து தூங்கக் கூடாது, மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் உயரம் கூட்டாமல் தங்க வேண்டும்.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் கணக்கு இது. காத்மாண்டிலிருந்து பேசிசஹர் வரை பஸ், அங்கிருந்து ஜீப்பில் தாராபானி (சுமார் 1,860 மீட்டர்). அடுத்த இரவு சாமே (2,670). பிறகு மேல் பிசாங் (3,300), ங்காவல் (3,660), மனாங் (3,540). மனாங்கில் இரண்டு இரவுகள். பின்னர் யாக் கர்கா (4,050), தோரோங் பேடி (சுமார் 4,500). மறுநாள் விடியுமுன் கிளம்பிக் கணவாயைக் கடந்து முக்திநாத் (சுமார் 3,760). இவற்றோடு எதற்கும் ஒதுக்காத இரண்டு நாட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாட்களுக்கு இடமில்லை என்றால் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது மனாங் வரையிலும் ஜீப் போகிறது. பேசிசஹர் வெறும் 760 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் 3,540 மீட்டருக்குப் போய் இறங்குவது உடலுக்குச் செய்யும் கொடுமை. நாள் மிச்சமாகும் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். எதிர்த்திசையில், அதாவது முக்திநாத்திலிருந்து மனாங் நோக்கிப் போவதும் புதியவர்களுக்கு வேண்டாம். ஒரே நாளில் 1,600 மீட்டருக்கும் அதிகமாக ஏற வேண்டியிருக்கும்.

மனாங்கில் ஓய்வு நாள் என்றால் போர்வைக்குள் கிடப்பது அல்ல. பகலில் சற்று மேலே ஏறிவிட்டு, இரவு கீழே வந்து தூங்க வேண்டும். கங்காபூர்ணா ஏரிக்கு மேலிருக்கும் காட்சிமுனை போதுமானது. தெம்புள்ளவர்கள் சுமார் 4,600 மீட்டரில் உள்ள பனி ஏரிவரை போய்வரலாம். மலையேற்றப் பருவத்தில் மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இயங்குகிறது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் பற்றி அங்கே மருத்துவர்கள் தரும் விளக்க உரையைத் தவறவிடாதீர்கள்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அக்டோபர், நவம்பர் முதல் தேர்வு. மார்ச் இறுதியும் ஏப்ரலும் அடுத்தது. ஆனால் நல்ல பருவம் என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் எச்சம் இமயத்தில் பனிப்புயலாக மாறியது. தோரோங் லாவிலும் சுற்றுவட்டாரத்திலும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் மலையேற வந்தவர்கள் மட்டுமல்ல, நேபாள வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் இருந்தனர். ஆகவே வங்கக்கடலில் புயல் உருவானால் அது உங்கள் பயணத்துக்கான செய்தியும்தான். மேகம் திரண்டால் தோரோங் பேடியிலேயே இருங்கள். ஒதுக்காத இரண்டு நாட்களை நான் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

படி 3: உடலைத் தயார்செய்யுங்கள்

மூன்று மாதங்கள் போதும். வாரத்தில் நான்கு நாட்கள் வேக நடை. அவற்றில் இரண்டு நாட்கள் ஏழெட்டுக் கிலோ பையோடு மாடிப்படி. இறங்குவதையும் பயிற்சி செய்யுங்கள். கணவாய்க்குப் பின் முக்திநாத் வரையிலான 1,600 மீட்டர் இறக்கம் முழங்காலைத்தான் சோதிக்கும். வெள்ளியங்கிரி, பர்வதமலை போன்ற இடங்கள் கால்களுக்கு அருமையான பயிற்சி. உயரத்துக்கு அவை உதவாது. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். உங்கள் இரண்டாம் இரவில் தூங்கப்போகும் சாமே அதைவிட உயரம். உயரத்துக்குப் பழகுவதை அங்கே போய்த்தான் செய்ய முடியும்.

படி 4: நோயின் அறிகுறிகளை மனப்பாடம் செய்யுங்கள்

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், பசியின்மை, அசாதாரணக் களைப்பு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், வேறு காரணம் தெரியும்வரை அதை உயர நோய் என்றே கொள்ளுங்கள். அந்த நிலையில் மேலே ஏறக் கூடாது. அங்கேயே தங்கியும் அறிகுறிகள் கூடினால் இறங்க வேண்டும்.

இரண்டு நிலைகளில் தாமதம் உயிரைப் பறிக்கும். நடக்காமல் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், மூளை வீங்கியிருக்கலாம். நள்ளிரவானாலும், துணையோடு, உடனே கீழே இறக்குங்கள். குழுவில் எல்லோரும் கிளம்புமுன்பே ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள்: ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவரைத் தனியாக விட மாட்டோம், வலியை யாரும் மறைக்கவும் மாட்டோம்.

அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து தருவார்கள். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல்கள் மதமதப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இதன் இயல்பான விளைவுகள். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

படி 5: ஆவணங்கள், ஆட்கள்

இந்தியக் குடிமக்களுக்கு நேபாள விசா தேவையில்லை. விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும், ஆதார் போதாது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டைக் காத்மாண்டிலோ பொக்காராவிலோ வாங்கலாம். இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டினர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்பது நேபாளத்தின் விதி.

சுமைதூக்கியை அமர்த்தினால் அவருக்குக் கையுறை, நல்ல காலணி, காப்பீடு இருக்கின்றனவா என்று பாருங்கள். தாழ்வான ஊர்களிலிருந்து வருகிறவர்களை உயர நோய் உங்களைப் போலவே தாக்கும். அவரும் உங்கள் குழுவில் ஒருவர்.

உங்கள் காப்பீட்டில் 5,500 மீட்டர் வரையிலான மலைநடையும் ஹெலிகாப்டர் மீட்பும் எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலும் உயர வரம்பு உண்டு.

படி 6: பை

குளிர் தாங்கும் ஸ்லீப்பிங் பேக், இறகு ஜாக்கெட், காற்றும் மழையும் தடுக்கும் மேலங்கி, இரண்டு ஜோடி கையுறை, தலையில் மாட்டும் டார்ச், பனியின் கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி, குடிநீரைச் சுத்திகரிக்கக் குளோரின் மாத்திரை, ரொக்கமாக நேபாள ரூபாய். ஷூ புதிதாக இருக்கக் கூடாது; குறைந்தது ஒரு மாதம் அதிலேயே நடந்திருக்க வேண்டும்.

படி 7: கணவாய் நாளும் அதன் பிறகும்

அதிகாலை நான்கு, ஐந்து மணிக்குள் கிளம்புங்கள். முற்பகல் ஏற ஏறக் கணவாயில் காற்று வலுத்துவிடும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஏறுங்கள். உச்சியில் படம் எடுத்ததும் இறங்கிவிடுங்கள்.

இறங்கியதும் வரும் முக்திநாத், ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமமாக வைணவர்கள் வணங்கும் திவ்ய தேசம். கோயிலைச் சுற்றி 108 நீர்த்தாரைகள். உடல் நடுங்கிக்கொண்டிருந்தால் அந்தக் குளிர்நீரில் குளிப்பதை மறுநாள் வெயில் வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்திநாத்துக்குக் கீழே விமான நிலையம் உள்ள ஊரான ஜோம்சோமிலிருந்து பொக்காராவுக்கு விமானங்கள் காலையில்தான் பறக்கும். பகலில் காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசும். வானிலை கெட்டால் விமானம் ரத்தாகி, பஸ்ஸிலோ ஜீப்பிலோ நாள் முழுதும் போக வேண்டியிருக்கும். ஊர் திரும்பும் டிக்கெட்டை அதற்கு இடம்விட்டே எடுங்கள்.