காலையில் மட்டும் வீசும் பெட்ரோல் வாடை: கார் உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிரில் காரின் பெட்ரோல் கசிகிறது என்று சொன்னால், அது கனடாவிலோ இங்கிலாந்திலோ படிக்கும் பிள்ளைகளின் கவலை என்றே கோலாலம்பூரில் பலரும் எண்ணுவார்கள். உறைபனி நாடுகளில் இந்தச் சிக்கல் கடுமையானது என்பது உண்மைதான். ஆயினும் பெட்ரோல் குழாயின் இணைப்புகளைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்துக்கு வானிலை அறிக்கை தெரியாது. தான் எவ்வளவு சூட்டிலிருந்து எவ்வளவு ஆறியது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. ஓடும் எஞ்சின் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. இரவெல்லாம் நிறுத்தி வைத்த அதே எஞ்சின், மழை பெய்த விடியற்காலையில் 24 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் இந்தச் சூட்டில் வெந்து இறுகிப்போன வளையம், ஆறிச் சுருங்கும்போது மயிரிழை அளவு இடைவெளி விடுகிறது. எஞ்சின் மீண்டும் சூடேறியதும் அது விரிந்து தானே அடைத்துக்கொள்கிறது.

முதல் தவறு இங்கேதான் பிறக்கிறது. பத்து நிமிட ஓட்டத்தில் வாடை மறைந்ததும் பழுதும் மறைந்துவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம். என் பழைய காரை இப்படி இருமுறை நண்பகலில் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு முறையும் "ஒன்றும் இல்லை" என்ற பதிலோடு திரும்பினேன். மூன்றாம் முறை காரை இரவு அங்கேயே விட்டுவந்த பிறகுதான், காலையில், எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடிவளையத்தில் ஒரு துளி நிற்பதை மெக்கானிக் கண்டார். காலையில் மட்டும் தலைகாட்டும் கசிவைச் சூடான எஞ்சினில் தேடுவது வீண் வேலை. காரை முதல் நாளே ஒப்படைத்து, அது ஆறியிருக்கும்போதே பார்க்கச் சொல்ல வேண்டும்.

எல்லா வாடையும் கசிவு அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆறிய எஞ்சின் கிளம்பும்போது காரின் கணினி கூடுதல் பெட்ரோலைச் செலுத்துகிறது. புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியும் சில நூறு டிகிரி சூடேறிய பிறகே முழுமையாக வேலை செய்யும். ஆகவே முதல் ஓரிரு நிமிடங்கள் காரின் பின்புறம் சற்று வாடை வீசுவது இயல்பு. காருக்குள்ளோ, பானட்டின் ஓரத்திலோ, நிறுத்திய தரையிலோ வீசுவது இயல்பன்று.

வாடையை மறைப்பது அடுத்த தவறு. பின்னிருக்கையில் ஒரு கட்டு பாண்டான் இலையைப் போடுகிறோம், வாசனைத் திரவியம் தொங்கவிடுகிறோம், குளிரூட்டியை உட்காற்றுக்கு மாற்றிவிடுகிறோம். வெளிக்காற்று நுழையும் வாய் பெரும்பாலான கார்களில் முன்கண்ணாடிக்குக் கீழே, எஞ்சினுக்கு அருகிலேயே இருப்பதால், கசிவை முதலில் அறிவிப்பது அந்த வழியே வரும் காற்றுதான். அதை அடைப்பது காவல் நாயின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

குளிர்ந்த நேரத்தில் பெட்ரோல் எளிதில் தீப்பற்றாது என்பது பெரியவர்களிடமும் கேட்டுப் பழகிய பேச்சு. ஆனால் தண்ணீரின் உறைநிலைக்கு 40 டிகிரி கீழேயும் பெட்ரோல் பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட எடை மிகுந்தது. அடுக்குமாடியின் நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் அது எழும்பிக் கலையாமல் தரையோடு தவழும். எனவே கசிவைத் தேட லைட்டரைக் கொளுத்துவது மட்டுமன்று, வாடை வீசும் காரின் முன் ஆயுத பூசைக்குச் சூடம் ஏற்றுவதும் ஆபத்தே. பூசையைப் பழுது பார்த்த பின் வைத்துக்கொள்ளலாம்.

பழுது பார்ப்பதில் நடக்கும் தவறுகளே மிகுதி. இன்ஜெக்ஷன் கார்களின் பெட்ரோல் குழாயில் பொதுவாக 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். இது நம் டயரில் அடிக்கும் காற்றழுத்தத்தைவிட அதிகம். எரிப்பறைக்குள் நேரடியாகப் பீய்ச்சும் எஞ்சின்களின் உயரழுத்தப் பகுதியிலோ அது நூறு பாரைத் தாண்டும். இத்தகைய இடத்தில் தண்ணீர்க் குழாயையோ, பழைய கார்புரேட்டர் காருக்குரிய குழாயையோ வெட்டிப் பொருத்துவது சில நாளுக்குத் தாங்கும், பிறகு வெடிக்கும். சாதாரண சிலிக்கான் பசையைப் பெட்ரோல் ஊறவைத்துப் பிரித்துவிடும். இறுகிப்போன ரப்பரின் மேல் கிளாம்பை இன்னும் முறுக்கினால் ரப்பர் பிளக்குமே தவிர மிருதுவாகாது. இன்ஜெக்டரைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் வளையங்களைப் புதிதாக மாற்ற வேண்டும். சில வெள்ளிக்காகப் பழையதையே திருப்பிப் போடும் சிக்கனம் எனக்கு விளங்கியதே இல்லை.

எண்ணெய் நிலையத்தில் குழாய் தானாக நின்ற பிறகும் "முழுசாகட்டும்" என்று விட்டுவிட்டு அழுத்துவதும் ஒரு காரணம். தொட்டியின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோலே புகுந்துவிட்டால், பிறகு வாடை நாள்கணக்கில் விடாது. பெட்ரோல் டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 விழுக்காடு விரிவதால், கேமரன் மலையின் தானா ராத்தாவில் குளிரக் குளிர நிரப்பிய 40 லிட்டர், தாப்பாவின் வெயிலுக்கு இறங்கும்போது அரை லிட்டருக்கு மேல் கூடும். கழுத்துவரை நிரப்பினால் அதற்கு இடமில்லை. மூடியைக் 'கிளிக்' ஒலி கேட்கும்வரை திருக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

துளி சொட்டுவதைக் கண்ணால் கண்டுவிட்டால், பட்டறைவரை ஓட்டிப் பார்க்கலாம் என்று மீண்டும் எஞ்சினைக் கிளப்பாதீர்கள். கிளப்பும் ஒவ்வொரு முறையும் பம்பு அழுத்தத்தைக் கூட்டிக் கசிவுக்கு ஊட்டுகிறது. இழுவை வண்டியை அழையுங்கள். புகையோ தீயோ தெரிந்தால் பானட்டைத் திறக்காமலும் தண்ணீர் ஊற்றாமலும் அனைவரையும் இறக்கி விலகி நின்று, 999-ஐ அழைக்க வேண்டும்.

பழுது நீங்கியதா என்பதற்கான சோதனையும் ஆறிய காரில்தான். மறுநாள் காலை பட்டறையிலேயே, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்கு இரண்டு மூன்று முறை திருப்பினால், பெரும்பாலான கார்களில் பம்பு சில விநாடி ஓடிக் குழாயில் அழுத்தம் ஏற்றும். அப்போது கைவிளக்கொளியில் மாற்றிய வளையம் உலர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.