நியூ ஸ்மிர்னா கடற்கரையில் எங்கே இறங்குவது, எப்போது கரையேறுவது

ஊரிலிருந்து யார் வந்தாலும் டிஸ்னி முடிந்த மறுநாள் அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போவது என் வேலை. புளோரிடாவின் ஒர்லாண்டோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் நியூ ஸ்மிர்னா பீச். மணிக்கு 10 மைல் வேகத்தில் மணல்மீதே காரை ஓட்டிப் போய் அலைக்கு எதிரே நிறுத்தலாம் என்பதால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். போன கோடையில் வந்த சித்தி மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை. சிவப்புப் புள்ளி வைத்த வரைபடத்தோடு கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, “உலகத்திலேயே சுறா அதிகம் கடிக்கும் இடம் இதுதானாமே, இங்கேயா பிள்ளைகளை இறக்கப் போகிறாய்?” என்றார்.

சித்தி படித்த கணக்கு பொய்யில்லை. உலகெங்கும் நடக்கும் சுறாக்கடிகளைத் தொகுக்கும் கோப்பு கெயின்ஸ்வில்லில் உள்ள புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுறாவைச் சீண்டாமலேயே நேர்ந்த கடிகள் 2024இல் உலகம் முழுவதும் 47. அமெரிக்காவில் 28, புளோரிடாவில் 14, நியூ ஸ்மிர்னா இருக்கும் வோலூசியா மாவட்டத்தில் மட்டும் 8. முந்தைய ஆண்டும் அங்கே 8தான். இரண்டு ஆண்டும் அங்கே கடிபட்டவர்களில் ஒருவரும் சாகவில்லை. இந்தக் கடற்கரையில் நான் பயப்படுவது ஆளை உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டத்துக்குத்தான். சிவப்புக் கொடி பறந்தால் சுறாவைப் பற்றிய பேச்சே தேவையில்லை, தண்ணீரில் இறங்கக் கூடாது.

முதன்முறை வருபவர்கள் நேரே தண்ணீருக்குப் போகாமல், வடகோடியில் உள்ள ஸ்மிர்னா டியூன்ஸ் பூங்காவின் மரப்பாதையில் நடந்து முகத்துவாரத்தைப் பாருங்கள். எதிர்க்கரையில் 175 அடி உயரச் செங்கல் கலங்கரை விளக்கம் நிற்கும். காயல் தண்ணீர் எல்லாம் இந்தப் பொன்சே டி லியோன் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போய் வருகிறது. நீர் வடியும் நேரத்தில் பார்த்தால் தேநீர் நிறத்தில் ஒரு கலங்கல் பட்டை கடலுக்குள் நீள்வது தெரியும். அந்தக் கலங்கலோடு சிறு மீன்கள் போகும், அவற்றின் பின்னால் சுறா வரும். அதே முகத்துவாரத்தின் மணல்திட்டில்தான் அலை நன்றாக உருண்டு எழுகிறது என்பதால், அலைச்சறுக்குப் பலகைக்காரர்கள் வருடம் முழுவதும் அங்கேயே குவிந்து கிடக்கிறார்கள். மீன், சுறா, மனிதக் கால் மூன்றும் ஒரே கலங்கலில், நாள்தோறும், மணிக்கணக்காக. சித்தியின் கைப்பேசியில் இருந்த சிவப்புப் புள்ளி இதுதான்.

ஓர் அக்டோபரில் அங்கே பாறைமேல் நின்றிருந்தேன். இலையுதிர்காலத்தில் மடவை மீன்கள் கரையை ஒட்டித் தெற்கே போகும் பருவம் அது. முறத்தில் புடைத்த அரிசி மாதிரி மீன்கூட்டம் எழும்பி விழுந்தது. நடுவே ஒரு துடுப்பு, நுனியில் மை தொட்டு வைத்தது போலக் கறுப்பு. ஐந்தடி இருக்கும். ஒரு மடவையைத் தப்பவிட்டு, வாலைச் சுழற்றி அப்படியே திரும்பியது. பத்தடி தள்ளிப் பலகையில் காலைத் தொங்கவிட்டிருந்தவர் தலைகூடத் திருப்பவில்லை. கலங்கலில் வெளுத்த உள்ளங்கால் ஒரு நொடி மின்னினால் அதற்கும் மடவைக்கும் அந்தச் சுறா என்ன வித்தியாசம் காணும்? இங்கே பெரும்பாலும் கடிப்பது இந்தக் கருநுனிச் சுறாதான். கடித்ததும் விட்டுவிட்டுப் போய்விடும். பாதத்தில் பிறை வடிவில் காயம், சில தையல். (சுறாப்புட்டு தின்று வளர்ந்த குடும்பம் நாங்கள், யார் யாரை அதிகம் கடித்தோம் என்று கணக்குப் பார்த்தால் நமக்குத்தான் வெட்கம்.)

ஆகவே காரை முகத்துவாரத்திலிருந்து இரண்டு மைலாவது தெற்கே, உயிர்காப்பாளர் கோபுரத்தின் அருகே நிறுத்துங்கள். அங்கேயும் உடனே இறங்க வேண்டாம். போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். நீர்மேல் கூசும் ஒளி குறைந்து மீன்கூட்டத்தின் கருநிழல் தெரியும். அதைவிட நல்ல காவலாளி கூழைக்கடா. அது இறக்கையை மடக்கிச் செங்குத்தாக விழும் இடத்தில் மீன் இருக்கிறது, மீன் இருக்கும் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டியதில்லை. தூண்டில் போடுபவர்களையும் அப்படியே விட்டு விலகுங்கள். நின்றால் பாதம் தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கியிருந்தால் மணல்வீடு கட்டலாம். விடியலும் அந்தியும் வேண்டாம். ஊதாக் கொடி என்றால் ஆபத்தான கடலுயிர். பெரும்பாலும் சொறிமீன்தான், ஆனாலும் உயிர்காப்பாளரைக் கேட்டுவிடுங்கள்.

கொலுசையும் மெட்டியையும் கழற்றிக் காரிலேயே வைத்துவிடுங்கள். வெள்ளி, தண்ணீருக்குள் மீன் செதிள் போலவே மின்னும். இதைச் சொன்னபோதுதான் சித்தி முதன்முதலாக என்னை நம்பினார்.

யாரையாவது கடித்துவிட்டால் கரைக்குக் கொண்டுவந்து, துண்டால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். எட்டிப் பார்க்க அடிக்கடி துண்டை எடுக்காதீர்கள். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே தசைநாண் அறுந்திருக்கலாம், கடல்நீரில் பட்ட புண் சீழ் பிடிக்கலாம்.

வேறு கரைக்குப் போகும்போது இந்தப் பாடத்தை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். மாசசூசெட்ஸின் கேப் காடில் பார்க்க வேண்டியது வெள்ளைச் சுறாவின் இரையான சீல் என்னும் கடல்நாய்களை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் காத்தது, சீல் பெருகியதும் வெள்ளைச் சுறா திரும்பியது, 2018இல் ஒருவர் உயிரிழந்தார். பிரேசிலின் ரெசிஃபேயில் கரையோரமாகவே ஆழ்வாய்க்கால் ஓடுகிறது. தெற்கே சுவாப்பே துறைமுகம் கட்டியதில் கழிமுகங்கள் சீர்குலைந்ததையும் ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அங்கே வருவது காளைச் சுறாவும் புலிச் சுறாவும். அவை கடித்தால் தையலோடு போகாது.

அன்றைக்குச் சித்தி முழங்கால் தண்ணீர்வரை இறங்கினார். அரை மணி கழிந்திருக்கும். சற்றுத் தள்ளி மூன்று கூழைக்கடாக்கள் அடுத்தடுத்து விழுந்தன. நான் வாயைத் திறக்கும் முன்பே இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சித்தி கரையேறிவிட்டார்.