கூடைப்பந்தில் இருந்து ஓய்வு பெறப் போகிறீர்களா? இரண்டு வருடம் முன்பே தயாராகுங்கள்

சென்னையில் ஒரு பெண் கூடைப்பந்து ஆடிச் சம்பாதிப்பது என்றால் அது பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை வாங்கி, அந்த அணிக்காக ஆடுவதுதான். ஆட்டம் முப்பது சொச்சத்தில் முடிந்துவிடும், வேலை இன்னும் இருபத்தைந்து வருடம் ஓடும். அதனால் முதலில் உங்கள் ஆபீஸ் மேசையைக் கவனியுங்கள். கேம்ப், டோர்னமென்ட் என்று மாதக்கணக்கில் வெளியே இருந்துவிட்டு, 33 வயதில் நான் முதல்முறையாக முழுநாள் ஆபீஸ் போனபோது ஒரு ஃபைலில் குறிப்பு எழுதக்கூடத் தெரியவில்லை, என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் இரண்டு பதவி உயர்வு தாண்டியிருந்தார்கள். துறைத் தேர்வுகளை ஆடும்போதே எழுதுங்கள். சீசன் இல்லாத மாதங்களில் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சரி, எப்போது நிறுத்துவது? முட்டியைக் கேளுங்கள். மேட்ச் முடிந்த மறுநாள் வலி எல்லோருக்கும் உண்டு. இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் பார்க் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறது, ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து இறங்குகிறீர்கள் என்றால் ஆர்த்தோ டாக்டரைப் பாருங்கள். வலி ஊசி போட்டுக்கொண்டு ஒரு நேஷனல்ஸ் ஆடிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதே சமயம் கல்யாணம், குழந்தை என்று வீட்டில் சொல்கிறார்களே என்பதற்காக நிறுத்தவும் வேண்டாம். நம் சென்னை அனிதா பால்துரை குழந்தை பிறந்த பிறகும் இந்திய அணிக்குத் திரும்பி ஆடியவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை சூ பேர்ட் 2022-இல் ஓய்வு பெற்றபோது வயது 41.

அடுத்து என்ன தொழில் என்பதை ஆடும் காலத்திலேயே முடிவு செய்வது நல்லது. அமெரிக்காவின் சில்வியா ஃபவுல்ஸ் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், அந்நாட்டுப் பெண்கள் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ-வில் ஆடிக்கொண்டே ஈமச்சடங்குத் துறைப் படிப்பைப் படித்தார். பயிற்சியாளர் ஆக விருப்பம் என்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.-இன் பயிற்சியாளர் டிப்ளமோவுக்கு விண்ணப்பியுங்கள், அதற்கு நீண்ட லீவ் தேவைப்படும், மேலதிகாரியிடம் முன்பே பேசி வையுங்கள். மத்திய அரசின் விளையாட்டு ஓய்வூதியத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், அது ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் போன்றவற்றில் பதக்கம் வாங்கியவர்களுக்கு, நம் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அங்கே இதுவரை பதக்கம் இல்லை.

உடம்பு விஷயம். திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். தொடைத் தசை இளைத்தால் முட்டிவலி கூடத்தான் செய்யும், வாரம் மூன்று நாளாவது ஜிம்முக்குப் போங்கள். ஓட்டம் நின்றாலும் பசி பழைய பசியாகவே இருக்கும், காலையில் எட்டு இட்லி சாப்பிட்டுப் பழகிய வயிறு அதையேதான் கேட்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

கடைசி மேட்ச் எது என்று கோச்சிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம்மில் நிறைய பேர் ஒரு அணிப் பட்டியலில் பெயர் வராமல் போனதோடு முடிந்துபோனவர்கள், அந்த வலி எனக்குத் தெரியும். நேரு ஸ்டேடியமோ கல்லூரி கோர்ட்டோ, எங்கே நடந்தாலும் அம்மாவை அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

அப்புறம், பந்தை எடுத்துப் பரணில் போட வேண்டாம். நம் ஊர்ப் பள்ளிகளில் எத்தனையோ பெண் பிள்ளைகள் பையன்களின் 7-ஆம் சைஸ் பந்தில், விரல் எட்டாமல் பழகிக்கொண்டிருக்கிறார்கள். பெண்களுக்கு 6-ஆம் சைஸ். சனிக்கிழமை காலையில் உங்களிடம் இருப்பதை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளி கோர்ட்டுக்குப் போங்கள்.