‘சைக்கியாட்ரிக்கு அனுப்பு’ என்று சொல்வதற்கு முன்: கேஷுவாலிட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டிக்குள் ஒருவர் கத்திக்கொண்டோ தனக்குத்தானே பேசிக்கொண்டோ வந்தால், நாடி பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே "சைக்கியாட்ரி டூட்டி யாரு, கூப்பிடு" என்று யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள். அதுதான் பிள்ளையார் சுழி. மனநல மருத்துவம் தெரியாததால் நடக்கும் தவறுகளைவிட, ‘மென்டல் கேஸ்’ என்று முத்திரை விழுந்ததும் சாதாரண மருத்துவத்தையே மறந்துவிடுவதால் நடக்கும் தவறுகள்தான் அதிகம். ஹவுஸ் சர்ஜன்களையும் ஸ்டாஃப் நர்ஸுகளையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் நோயாளியைக் கூட்டிவரும் வீட்டாரும் படிக்கலாம். சில இடங்களில் அவர்கள் வாய் திறந்து கேட்டால்தான் வேலை நடக்கிறது.

முதலில் உடம்பு. அறுபது வயதுவரை எந்த மனப்பிரச்சினையும் இல்லாதவர், நேற்று சாயங்காலத்திலிருந்து சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், மகனையே யார் என்று கேட்கிறார், கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசிவிட்டு மறுபடி உளறுகிறார் என்றால் அது பெரும்பாலும் மனநோய் இல்லை, டெலிரியம், அதாவது உடல் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம். சர்க்கரை இறங்கியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மூளைக்காய்ச்சல், எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் கசியும் ரத்தம், எதுவாகவும் இருக்கலாம். மனச்சிதைவில் காதில் குரல் கேட்பதுதான் அதிகம்; இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிவது, நேரமும் இடமும் ஆளும் குழம்புவது, எல்லாம் திடீரென்று ஆரம்பிப்பது, இவையெல்லாம் முதலில் உடம்பைப் பார் என்று சொல்லும் அறிகுறிகள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? "நோயாளி ஒத்துழைக்கவில்லை, வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல்) எடுக்க முடியவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள், சரி, அந்த நேரத்தில் அது உண்மையாகக்கூட இருக்கும். ஆனால் ஊசி போட்டு அவர் அசந்து தூங்கிய பிறகும் ஒருவரும் தெர்மாமீட்டரோடு அந்தப் பக்கம் போவதில்லை, காலையில் டூட்டி மாறும்போதும் அதே வரிதான் இருக்கும்.

குடிக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். வாடை அடித்தால் போதும், "போதை தெளியட்டும், பார்க்கலாம்" என்று ஓரமாகப் படுக்கவைத்துவிடுகிறோம். குடித்தவருக்கும் தலையில் அடிபடும், குடித்தவருக்கும் சர்க்கரை இறங்கும். இதற்கு நேர் எதிரானது குடியைத் திடீரென்று நிறுத்தியவர். கால் முறிந்து எலும்பு வார்டில் படுத்திருப்பவர், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ராத்திரி கை நடுங்க, வேர்த்துக் கொட்ட, ட்ரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புகிறார். அவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, குடி நின்றதால் வரும் டெலிரியம் அது, கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அங்கே மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஊசியை மட்டும் போட்டு அடக்கப் பார்ப்பது தவறு, வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். வேண்டியது நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் லோராசிபாம் அல்லது டயஸிபாம், கூடவே தயமின் (வைட்டமின் பி1). தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதும் இன்னும் நடக்கிறது.

இதன் மறுபக்கம், ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் உடம்புக்கு முடியவில்லை என்று வருவது. நெஞ்சு வலி என்றால் பதற்றம் என்கிறோம், ஈசிஜிகூட எடுப்பதில்லை. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் சாப்பிடுபவர் வாந்தி, பேதி, கை நடுக்கம், தள்ளாட்டத்தோடு வந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஓ.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பினால் போதாது. மனச்சிதைவு மருந்தான குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றே ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். புதிதாக மனநோய் மருந்து ஆரம்பித்தவருக்குக் கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து, வேர்த்து, நினைவு மங்கினால் மருந்தை உடனே நிறுத்தி ஐசியூவில் சேர்க்க வேண்டிய அவசரம் அது. இன்னொன்றும் உண்டு: ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அல்லது அடுத்த ஓரிரு நாளில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டு கண் மேலே செருகிவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், வீட்டில் வேப்பிலை அடிக்கத் தொடங்கிவிடுவார்கள், சில டூட்டி அறைகளில் "நோய் முற்றிவிட்டது" என்று அதே ஊசியை இன்னொரு டோஸ் போட்டுவிடுவார்கள். மருந்தின் பக்கவிளைவுதான் அது, ஒரு ஃபெனர்கன் (புரோமெத்தசின்) ஊசியில் அடங்கிவிடும்.

"ஆக்டிங் சார்" என்ற சொல்லைத் தயவுசெய்து விடுங்கள். மயங்கிக் கிடக்கும் பெண்ணின் மூக்கில் அமோனியா பஞ்சை அழுத்துவதும், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் தேய்ப்பதும் பரிசோதனை இல்லை, தண்டனை. மன அழுத்தத்தால் வரும் வலிப்பு நடிப்பு கிடையாது, அவர் வேண்டுமென்று செய்வதில்லை. போதாக்குறைக்கு, அப்படி வருகிறவர்களில் சிலருக்கு நிஜ வலிப்பு நோயும் கூடவே இருக்கும்.

கட்டிப்போடுவது பற்றி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியை முழுக்கத் தடை செய்கிறது. துணியால் கட்டுவதையும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் அனுமதிக்கிறது. ஆள் பற்றாக்குறை என்பதற்காகக் கட்டக் கூடாது, ஏன் கட்டினோம் எவ்வளவு நேரம் என்று எழுதிவைக்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், ஒருவர் சத்தம் போட்டதும் செக்யூரிட்டி, வார்டு பாய், பக்கத்துப் படுக்கைக்காரரின் மச்சான் எல்லோரும் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் அதட்டுகிறார்கள். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பவருக்கு அது எப்படி இருக்கும்? கூட்டத்தைக் கலையுங்கள். ஒரே ஒருவர் பேசட்டும், இரண்டு கை தூரம் தள்ளி நின்று, வாசலை அடைக்காமல், "அண்ணே, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா, சாப்டீங்களா" என்று. மாத்திரையாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா என்று கேளுங்கள், நிறைய பேர் வாங்கிக்கொள்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

ஊசிதான் வழி என்றால், ஹாலோபெரிடாலைத் தனியாகப் போடுவதைவிட புரோமெத்தசின் சேர்த்துப் போடுவது நல்லது, கழுத்து திருகுவது குறையும். இந்தக் கூட்டு மருந்தை வேலூர் சி.எம்.சி.யிலேயே லோராசிபாமோடு ஒப்பிட்டு 200 பேரிடம் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். இரண்டுமே வேலை செய்தன, கூட்டு மருந்து இன்னும் வேகமாக. இன்னொரு மனநோய் மருந்தான ஒலன்சபின் ஊசியையும் லோராசிபாம் ஊசியையும் ஒன்றாகப் போடாதீர்கள், மூச்சும் ரத்த அழுத்தமும் விழலாம். எந்த ஊசி போட்டாலும் பிறகு மூச்சு, நாடி, ஆக்சிஜன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். கட்டியே ஆக வேண்டிய நிலையிலும் குப்புறப் போட்டுக் கட்டக் கூடாது, மூச்சு முட்டி இறந்துபோக வாய்ப்பிருக்கிறது.

அடுத்தது தற்கொலைக்கு முயன்று வருபவர்கள், நம் கேஷுவாலிட்டிகள் ரொம்ப மோசமாக நடந்துகொள்ளும் இடம் இது. வீட்டார் பாதி உண்மையை மறைத்துவிடுவார்கள், "தண்ணினு நினைச்சுக் குடிச்சிட்டா சார்" என்பார்கள், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். ஏ.ஆர். பதிவதும் போலீஸுக்குத் தகவல் போவதும் நடைமுறைதான், ஆனால் அதற்காக நோயாளியைக் குற்றவாளியாக்க முடியாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே கிடையாது, அரசு ஊழியரை வழிக்குக் கொண்டுவரத் தற்கொலைக்கு முயல்வது மட்டும்தான் இன்னும் குற்றம். இதை வாசலிலேயே வீட்டாரிடம் சொல்லிவிட்டால் எதைச் சாப்பிட்டார், எப்போது, எவ்வளவு என்ற உண்மை வெளியே வரும். வீட்டாருக்கு ஒரு வார்த்தை: பாட்டில், அட்டை, பாக்கெட் எது கிடந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சில நஞ்சுகள் முதல் நாள் ஒன்றும் காட்டாது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று டிஸ்சார்ஜ் கேட்டுச் சண்டை போடாதீர்கள்.

பாடம் புகட்டுவதற்காக வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கழுவும் வழக்கமும் இருக்கிறது. வயிற்றைக் கழுவுவதால் பயன் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்தான், ஆசிடோ மண்ணெண்ணெயோ குடித்தவருக்குக் கழுவவே கூடாது. "இதுக்கெல்லாமா சாவாங்க", "புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா" என்ற பிரசங்கமும் வேண்டாம், அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாததா என்ன. கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: "இப்பவும் சாகணும்னு தோணுதாம்மா?" கேட்டால் புதிதாக எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை, அப்படி ஆவதில்லை. ஆனால் மாமியாரையும் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், "இல்ல சார்" என்றுதான் பதில் வரும். திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

உயிர் பிழைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக அனுப்பிவிடுவதை இந்தப் பட்டியலிலேயே பெரிய தவறு என்பேன். வீட்டுக்குப் போன முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. பாதிப் பேரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள், அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஸ்கேனோ மருந்தோ இல்லை, ஒரு போன். டிஸ்சார்ஜ் சீட்டில் மனநல ஓ.பி. தேதியையும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையும் எழுதிக்கொடுங்கள், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், மாத்திரைகள் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், ஒரே தடவையில் ஒரு மாதத்துக்கான மாத்திரையை எழுதித் தராதீர்கள்.

மனநல மருத்துவர் இல்லாத மருத்துவமனை என்றால் கை கழுவிவிடலாம் என்பதும் தப்பு. உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம்வரை அவசர சிகிச்சை தரலாம் என்கிறது அதே சட்டத்தின் 94-ஆம் பிரிவு. நோயாளியின் நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் முடிவெடுக்க உதவுபவர்) உடன் இருந்தால் அந்தப் பிரதிநிதியின் சம்மதம் வாங்க வேண்டும், கரன்ட் வைத்தியம் மட்டும் அவசர சிகிச்சையாகக் கூடாது. அதன்பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ அனுப்புவதானால் ‘ஃபார் சைக்கியாட்ரி ஒப்பீனியன்’ என்று ஒற்றை வரியோடு 108-இல் ஏற்றிவிடாதீர்கள். எந்த ஊசி, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, சர்க்கரை எவ்வளவு, காய்ச்சல் இருந்ததா, தலைக்கு ஸ்கேன் எடுத்தீர்களா, வீட்டில் என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கூட வருபவரின் போன் நம்பர். எழுதாமல் விட்டால் அங்கே இருக்கும் டூட்டி டாக்டர் அதே ஊசியை இன்னொரு முறை போடுவார்.