ஸ்டாருக்காகப் போட்ட கணக்கு

சரியாகக் கணக்குப் போட்டால் ஸ்டார் ஸ்டிக்கர் என்பது எங்கள் வகுப்பில் பழைய வழக்கம். ஸ்டிக்கர் தீர்ந்த வாரம் நோட்டைத் திறக்க ஆளில்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் மழலையர் பள்ளியில் கண்டதும் இதுதான்: பரிசு உண்டு என்று சொல்லி வரையவைத்த பிள்ளைகள் பிறகு தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

ஸ்டிக்கரை நிறுத்திவிட்டு, பத்தில் பிடித்த ஐந்தைப் போடலாம் என்றேன். எளிதானதையே பொறுக்கினார்கள், எதிர்பார்த்ததுதான். மதிப்பெண்ணுக்குப் பதில் "மூன்றாம் வரிவரை சரி, கழித்தல் குறியைப் பார்" என்று எழுதித் தர ஆரம்பித்த பிறகே மாற்றம் தெரிந்தது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் தாள் கிழியும்வரை அழித்தழித்துப் போட்டுவிட்டு, "இப்ப எத்தனாவது வரி சார்?" என்று இடைவேளையில் வந்து நின்றான்.

வாய்ப்பாட்டுக்கு மட்டும் ஸ்டிக்கர் இன்னும் உண்டு. அதை யார் ஆசையாகப் படிக்கிறார்கள்?