பீட்டா லினக்ஸைச் சோதிக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள் சில

2008 செப்டம்பரில், வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்புகளான உபுண்டு 8.10-இன் ஆல்ஃபாவையும் ஓப்பன்சூசே 11.1-இன் பீட்டாவையும் ஆசையோடு நிறுவிப் பார்த்த சிலருக்கு ஒரு விசித்திரமான அனுபவம் நேர்ந்தது. கணினி ஓடியது, இன்டெல் நெட்வொர்க் அட்டை மட்டும் செத்துக் கிடந்தது. பழைய லினக்ஸுக்குத் திரும்பினாலும் விண்டோஸுக்கே போனாலும் அது எழுந்திருக்கவில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின், அப்போது உருவாகிக்கொண்டிருந்த 2.6.27 பதிப்பு, அந்த அட்டைக்குள் நிரந்தரமாக எழுதப்பட்டிருந்த தகவலையே கெடுத்திருந்தது. பழி முதலில் அந்த அட்டையை இயக்கும் இ1000இ என்னும் டிரைவர்மேல் விழுந்தது. கெர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் எஃப்டிரேஸ் என்ற வேறொரு பகுதிதான் காரணம் என்பது பிறகே தெரியவந்தது.

இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தும் எண்ணம் எனக்கில்லை. இவ்வளவு தூரம் போகும் வழு (மென்பொருள் பிழை) மிக அரிது. ஆனால் இன்னும் வெளிவராத ஓர் இயங்குதளத்தை நிறுவுகிறோம் என்றால் எதில் கைவைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றுமே வெளியீட்டுக்கு முன் சோதிக்க வருமாறு பொதுமக்களை அழைக்கின்றன. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நான் பார்த்தவரை, சோதிக்க வருகிறவர்கள் தொழில்நுட்பம் தெரியாமல் சறுக்குவது குறைவு. தாம் கண்ட கோளாறை இன்னொருவர் தம் கணினியில் மீண்டும் வரவழைக்க முடியுமா என்று யோசிக்காமல் விடுவதுதான் அதிகம்.

இருக்கும் ஒரே கணினியில் நிறுவுவது

அலுவலக வேலை, மகளின் பள்ளிப் பாடம், குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் ஒரே மடிக்கணினியில் இருக்கும். அதில் விண்டோஸுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி பீட்டாவைப் போட்டால் போதும் என்று தோன்றும். எந்த இடம் காலி, எதை அழிக்கலாம் என்று முடிவு செய்வது நிறுவி, அதாவது இயங்குதளத்தை நிறுவும் மென்பொருள். இப்போது சோதனையில் இருப்பதும் அதே நிறுவிதான். வட்டைப் பிரிக்கும் பகுதியில் வழு இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் முதல் ஆள் நீங்களாகலாம். அந்தப் பெருமை புகைப்படங்களைத் திருப்பித் தராது. பழைய மடிக்கணினி ஒன்றோ, தனியாக ஓர் எஸ்எஸ்டி வட்டோ கிடைத்தால் அதில் சோதியுங்கள். எஸ்எஸ்டியில் நிறுவும்போது மற்ற வட்டின் இணைப்பைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது.

நிறுவல் கோப்பை யூஎஸ்பி குச்சியில் எழுதும் கட்டமும் அப்படித்தான். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில், கோப்பை அப்படியே வட்டில் எழுதும் ‘டிடி’ கட்டளையைக் கொடுப்பவர்கள், எழுதப்படும் வட்டின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினால் போதும், குச்சிக்குப் பதிலாக ஹார்டு டிஸ்க் மேலேயே எழுதிவிடும். அது உங்களிடம் எதுவும் கேட்காது.

பாதுகாப்புக் கோணமும் ஒன்று உண்டு. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்னும் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக்கதவு வைத்திருந்தது அம்பலமானது. டெபியனின் நிலையான வெளியீட்டை அது எட்டவில்லை. சிட் என்று அழைக்கப்படும் டெபியனின் நிலையற்ற கிளை, ஃபெடோராவின் ராஹைட், ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் போன்ற, புதியவை முதலில் வந்துசேரும் முன்வரிசைக் கிளைகளில் அது நுழைந்துவிட்டிருந்தது. ஆகவே சோதனைக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதும், வெளியிலிருந்து எஸ்எஸ்எச் மூலம் உள்ளே வரும்படி இணையத்துக்குத் திறந்து வைப்பதும் வேண்டாத வேலை.

அற்பம் என்று ஒதுக்குவது

அந்தக் கள்ளக்கதவு பிடிபட்ட விதம், சோதனை செய்ய வரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். டெபியன் சிட்டில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் வழியாக நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதையும் அதற்குள் சிபியு அதிகமாக உழைப்பதையும் கவனித்தார். அரை விநாடிதான். நம்மில் பலர் ‘இன்று கணினி கொஞ்சம் மந்தம்’ என்று சொல்லி டீ குடிக்கப் போயிருப்போம். அவர் நூலைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தார். அதன் விளைவாக ஏப்ரல் 4 அன்று வரவேண்டிய உபுண்டு 24.04 பீட்டா, பொதிகளையெல்லாம் (இயங்குதளத்தின் தனித்தனி மென்பொருள் மூட்டைகள்) மீண்டும் கட்டியெழுப்புவதற்காக ஏப்ரல் 11-க்குத் தள்ளிப்போனது.

எல்லா மந்தத்துக்குப் பின்னாலும் சதி இருக்காது. ஆனால் நேற்று இல்லாதது இன்று இருக்கிறது என்றால், அதைக் குறித்துவைக்கக் காரணம் அதுவே போதும்.

மெய்நிகர் கணினியோடு நின்றுவிடுவது

முதலில் சொன்னதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸிலேயே பார்த்துக்கொள்கிறேன்’ என்று முடிவெடுப்பவர்கள் நிறைய. நிறுவியின் ஒவ்வொரு திரையையும் சோதிக்கவும், பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திப் பார்க்கவும், மொழி மாற்றிப் பார்க்கவும் அது அருமையான இடம். ஆனால் அங்கே வைஃபை அட்டை கிடையாது. மூடியை மூடினால் கணினி தூங்குகிறதா, திறந்தால் எழுகிறதா, ஹெட்போனைச் செருகினால் ஒலி மாறுகிறதா, இரண்டாவது திரை தெரிகிறதா, இவை எதற்கும் அங்கே விடை கிடைக்காது.

2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10 இதற்குச் சரியான உதாரணம். அதன் கெர்னலில் இயக்கப்பட்டிருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர் லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் பயாஸை, அதாவது கணினியைத் தொடக்கும், ஒரு சில்லில் பதிந்துள்ள மென்பொருளைப் பாதித்தது. அமைப்புகளை மாற்றினால் சேமிக்க முடியவில்லை. சிலவற்றில் யூஎஸ்பியிலிருந்து தொடங்கவும் முடியவில்லை. டிசம்பரில் தரவிறக்கத்தையே நிறுத்திவைத்து, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். இத்தகைய கோளாறு மெய்நிகர் கணினியில் ஆயிரம் முறை சோதித்தாலும் தலைகாட்டாது. அங்கே கெடுவதற்கு அந்தச் சில்லே இல்லை. உங்கள் வீட்டு மூலையில் கிடக்கும், யாரும் சீண்டாத ஏழு வருடப் பழைய மடிக்கணினிக்குச் சோதனையில் இருக்கும் மதிப்பு இதுதான்: அதே மாடலை வேறு யாரும் சோதிக்காமல் இருக்கலாம். எதையும் நிறுவாமல், யூஎஸ்பியிலிருந்து நேரடியாகத் தொடங்கிப் பத்து நிமிடம் பார்ப்பதும் சோதனைதான்.

போன வாரத்து ஐஎஸ்ஓவைச் சோதிப்பது

சோதனைக்கான நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ அன்றாடக் கட்டமைப்பாக வருகிறது; பெயரே சொல்கிறது, நாளுக்கு ஒன்று வரும். பத்து நாள் முன்பு இறக்கியதில் கண்ட வழு நேற்றே தீர்ந்திருக்கலாம். ஐந்து ஜிபி கோப்பைத் தினமும் யார் இறக்குவது என்றால், உபுண்டுவுக்கு ‘இசட்சிங்க்’ இருக்கிறது. மாறிய பகுதிகளை மட்டும் இறக்கும். இறக்கியதும், கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் ஷா-256 கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள். பாதியில் சிதைந்த கோப்பினால் வந்த கோளாறை வழு என்று அறிவித்து, அதன் பின்னால் மூன்று பேரை அலையவிடுவது நியாயமில்லை. எந்த நாளின் ஐஎஸ்ஓ என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

நேரமும் முக்கியம். உபுண்டு 24.04-க்குப் புதிய வசதிகள் சேர்ப்பது 2024 பிப்ரவரி 29 அன்று நின்றது. வெளியீடு ஏப்ரல் 25. அந்த இரண்டு மாதங்கள்தான் சோதனையின் அறுவடைக்காலம். வெளியீட்டுக்கு முதல் நாள் இரவு கண்டுபிடித்துச் சொன்னால், மிகக் கடுமையான வழுவைத் தவிர மற்றவை பெரும்பாலும் வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரியாகவே இடம்பெறும்.

சரிசெய்துவிட்டு எழுத உட்காருவது

இது திறமைசாலிகள் செய்யும் தவறு. ஒலி வரவில்லை. உடனே தேடுகிறோம், யாரோ ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய கட்டளையை ஒட்டுகிறோம், ஒலி வந்துவிடுகிறது. இப்போது எதைச் சொல்வது? கோளாறு இருந்த நிலையும் போய்விட்டது, அதன் தடயமும் போய்விட்டது. நிறுவப்படாத, யூஎஸ்பியிலிருந்து ஓடும் அமர்வில் இது இன்னும் மோசம்: மறுதொடக்கம் செய்த நொடியில் பதிவுகள் (கணினி தன் நடப்பைக் குறித்துவைக்கும் கோப்புகள்) எல்லாம் நினைவகத்தோடு மறைந்துவிடும். நிறுவி பாதியில் விழுந்தால், மறுபடி முயலும் முன் அதன் பதிவுக் கோப்புகளை இன்னொரு குச்சிக்கு நகலெடுங்கள். உபுண்டுவில் அவை வார்-லாக் கோப்புறைக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்ற பெயரில் இருக்கும். நிறுவிய கணினி உறைந்துபோய் வலுக்கட்டாயமாக அணைத்தீர்களா? ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளை, முந்தைய தொடக்கத்தின் பதிவையும் எடுத்துக் காட்டும்.

அடுத்ததாக, கோளாறு உண்மையிலேயே அந்த வழங்கலுடையதா (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புடையதா) என்று பாருங்கள். குனோம் என்னும் திரைச்சூழலுக்கு நீட்சிகள் ஆறு, வெளியார் பொதிகளைத் தரும் களஞ்சியங்கள் மூன்று, தனியுரிம கிராஃபிக்ஸ் டிரைவர் ஒன்று என்று அலங்கரித்த கணினியில் திரை மின்னினால், குற்றவாளிகளின் வரிசை நீளம். புதிதாக ஒரு பயனர் கணக்கு திறந்து, அதில் நுழைந்து பாருங்கள். அங்கே கோளாறு இல்லையென்றால், காரணம் பெரும்பாலும் உங்கள் பழைய அமைப்புகளில் இருக்கும்.

பதிவுகளை இணைக்கும்போது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் பெயர், பக்கத்து வீட்டு வைஃபையின் பெயர், வரிசை எண் எல்லாம் அவற்றில் இருக்கலாம். ஒரு மென்பொருள் விழுந்தபோது எடுத்த நினைவக நகலில் கடவுச்சொல்கூட இருக்க வாய்ப்புண்டு.

‘வேலை செய்யவில்லை’

என் முதல் வழு அறிக்கையின் முழு உரை ‘தூக்கத்திலிருந்து எழுந்தபின் வைஃபை வேலை செய்யவில்லை’ என்பது. அதற்கு ஒருவர் பொறுமையாக நான்கு கேள்விகள் கேட்டிருந்தார். நான் அந்த மின்னஞ்சலைத் திறந்துபார்க்கவே இல்லை. உபுண்டுவின் வழுக்களைப் பதியும் தளமான லாஞ்ச்பேடில் ‘முழுமையற்றது’ என்று குறிக்கப்பட்ட அறிக்கை, 60 நாள் யாரும் தொடாவிட்டால் தானாகக் காலாவதியாகும். என்னுடையதும் ஆனது. அடுத்த வெளியீட்டிலும் அதே மடிக்கணினியில் அதே கோளாறு வந்தபோது எரிச்சல்படும் உரிமை எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

உபுண்டுவில் ‘உபுண்டு-பக்’ கட்டளையோடு பொதியின் பெயரைக் கொடுத்தால், பதிப்பும் வன்பொருள் விவரமும் தானாகச் சேர்ந்துகொள்ளும். டெபியனில் ‘ரிப்போர்ட்பக்’ இருக்கிறது. கருவி செய்யாத பகுதி உங்களுடையது: என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எத்தனை முறை முயன்றதில் எத்தனை முறை வந்தது. ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்குகிறவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். ‘மூடினேன், திறந்தேன், வைஃபை பட்டியல் காலி’ என்ற அளவுக்கு மூன்று சிறு வாக்கியங்கள் போதும். அலங்காரமான ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பத்திப் புலம்பலைவிட அது உதவும்.

ஓர் அறிக்கைக்கு ஒரு வழு. ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால், கீழே ‘எனக்கும்’ என்று எழுதி எல்லோருடைய மின்னஞ்சலையும் நிரப்ப வேண்டாம். லாஞ்ச்பேடில் அதற்கென்றே ‘என்னையும் பாதிக்கிறது’ என்ற பொத்தான் இருக்கிறது. மாறாக, எல்லாம் சரியாக ஓடியது என்றால் அதைச் சொல்லாமல் போவதும் தவறு. உபுண்டுவின் சோதனைப் பட்டியலிலும் ஃபெடோராவின் சோதனை நாள் அட்டவணையிலும் தேறியது என்று பதிவதற்கும் இடம் உண்டு. ஆனால் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். புதுப்பிப்புகளைச் சோதித்தவர்கள் புள்ளியிடும் ஃபெடோராவின் போதி அமைப்பில் ஒரு புதுப்பிப்புக்குப் போதிய கூட்டல் புள்ளிகள் சேர்ந்தால், அது தானாகவே எல்லோருக்கும் போய்ச்சேரலாம். நண்பர் கட்டிய பொதி என்பதற்காகப் போடும் புள்ளி மொய் எழுதுவதுபோல; சோதனைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

படிக்காமல் ‘ஆம்’ அழுத்துவது

டெபியன் சிட்டிலும் உபுண்டுவின் உருவாக்கக் கிளையிலும் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு நூலகம் (நிரல் தொகுப்பு) மாறும் நாட்களில், புதுப்பிக்கச் சொன்னால் ‘இந்த இருநூறு பொதிகளை நீக்கட்டுமா?’ என்று கேட்கும். 2024-இன் தொடக்கத்தில், 32 பிட் காலக்கணக்கு நிரம்பிவிடும் 2038-ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக அதை 64 பிட்டுக்கு மாற்றியபோது பல வாரங்கள் இந்த நிலை நீடித்தது. அத்தகைய நாளில் செய்ய வேண்டியது, இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் பொறுப்பது. அது வழு அல்ல, வேலை நடந்துகொண்டிருக்கிறது.

தமிழைச் சோதிக்காமல் விடுவது

தமிழ்ச் சோதனையாளர்கள்கூட ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தே நிறுவுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான். பிறகு தமிழ் இடைமுகத்தில் பொத்தானின் சொல் பாதியில் வெட்டுப்படுகிறது, முனையத்தில் ‘கொ’வின் கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமுமாகப் பிரிந்து நிற்கிறது, தமிழ்99 தட்டச்சில் ஓர் எழுத்து இரட்டிக்கிறது என்று குறைபடுவோம். பெங்களூரிலோ பெர்லினிலோ இருக்கும் உருவாக்குநருக்கு அது தெரிய வழியில்லை; நாம் சொன்னால்தான் தெரியும். நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வட்டைக் குறியாக்கம் செய்தால், கணினி எழும் முதல் கட்டத்தில் கடவுச்சொல் கேட்கும்போது எந்த விசைப்பலகை இருக்கிறது என்பதைத் தனியாகக் கவனியுங்கள். தமிழ்த் தட்டச்சைக் கையாளும் ஐபஸ் அப்போது விழித்திருக்காது. அறிக்கை எழுதும்போது, தோன்றியதன் படம் ஒன்று, தோன்ற வேண்டியதன் படம் ஒன்று, அழுத்திய விசைகளின் வரிசை ஆகியவற்றைக் கொடுங்கள். படிப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

வெளியீடு வந்தபின் பீட்டாவை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், வழக்கமான புதுப்பிப்புகளே அதை இறுதிப் பதிப்பாக்கிவிடும். ஃபெடோராவில் மட்டும், பீட்டா காலத்தில் திறந்திருந்த சோதனைக் களஞ்சியம் வெளியீட்டோடு மூடப்படுவதால், சில பொதிகள் மற்றவர்களுடையதைவிட ஒரு படி முன்னே நிற்கும். பொதிகளை நிர்வகிக்கும் ‘டிஎன்எஃப்’ கட்டளையின் ‘டிஸ்ட்ரோ-சிங்க்’ அவற்றை வரிசைக்குக் கொண்டுவரும்.