பங்குனியில் சென்னை வரும் குடும்பங்களுக்கு

வெளிநாட்டில் வாழும் சென்னைக் குடும்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில்தான் ஊருக்கு வருகின்றன. கச்சேரிகள், இதமான வெயில், பிள்ளைகளின் விடுமுறை என்று அதற்குக் காரணங்கள் உண்டு. ஆயினும் ஒருமுறையாவது மார்ச் பின்பாதியில் வந்து சித்திரை பிறந்த பிறகு திரும்பும்படி திட்டமிடுங்கள் என்றே சொல்வேன். தெருவில் திருவிழாவும், கடற்கரையில் ஆமைக் குஞ்சுகளும், வீட்டில் புத்தாண்டும் ஒரே பயணத்துக்குள் அடங்குவது அப்போதுதான்.

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன், தங்கப்போகும் வீட்டில் யாருக்காவது பொதுத்தேர்வு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பிளஸ் டூ தேர்வு மார்ச்சிலும், பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச், ஏப்ரலிலும் நடப்பது வழக்கம். அத்தகைய வீட்டில் தொலைக்காட்சிகூட ஓடாது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லை, நீங்க வாங்க" என்று சித்தி சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு நான்கு பெட்டிகளோடு போய் இறங்காமல், வேறிடத்தில் தங்கி ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் அங்கே செல்வது இரு தரப்புக்கும் நல்லது. மற்றப் பிள்ளைகளுக்கும் ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் வருவதால், உங்கள் பிள்ளைகளோடு ஊர்சுற்ற அத்தை மகனோ மாமா மகளோ வேண்டுமென்றால் சனி, ஞாயிறை அவர்களுக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

மார்ச்சில் பகல் வெப்பம் 33 டிகிரி செல்சியஸை ஒட்டியும் ஏப்ரலில் 35-ஐ ஒட்டியும் இருக்கும். வெயிலைவிடப் புழுக்கமே ஆளை அசத்தும். ஆகவே வெளி வேலைகளைக் காலை 9 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்கு மேலும் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட நேரத்தில் இந்த ஊர்க்காரர்களைப் போலவே குளித்து, மோர்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிடுவதுதான் முறை.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழா 10 நாள் நடைபெறும். பங்குனி உத்திரம் மார்ச் பின்பாதியிலோ ஏப்ரல் முன்பாதியிலோ வரும் என்பதால், பஞ்சாங்கத்தைப் பார்த்தே நாளை உறுதி செய்ய வேண்டும். 3-ஆம் நாள் காலையில் அதிகார நந்தி, 5-ஆம் நாள் இரவில் ரிஷப வாகனம், 7-ஆம் நாள் காலையில் தேர், 8-ஆம் நாள் பிற்பகலில் அறுபத்து மூவர், நிறைவு நாளில் திருக்கல்யாணம் என்பது அதன் வரிசை. எல்லோரும் அறுபத்து மூவருக்கே போகச் சொல்வார்கள். நாயன்மார் அறுபத்து மூவரும் பல்லக்குகளில் சுவாமியை நோக்கியபடி மாடவீதிகளில் வருவதும், கோலவிழி அம்மன் முதலிய சுற்றுவட்டாரத் தெய்வங்கள் உடன் எழுந்தருளுவதும் காணக் கிடைக்காத காட்சிதான். ஆனால் அன்று கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும். தள்ளுவண்டிக் குழந்தையோடும் முழங்கால் வலிக்கும் பாட்டியோடும் வருவோருக்கு என் தேர்வு அதிகார நந்தியே. விடியற்காலைக் காற்றில், பிள்ளையைத் தோளில் ஏற்றிக் காட்டும் அளவுக்கு இடமும் இருக்கும்.

அறுபத்து மூவர் அன்று போகத்தான் வேண்டுமென்றால், காரை மறந்துவிட்டுப் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்குங்கள். மாடவீதியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும்: பொடியாக நறுக்கிய மாங்காயும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் மிதக்கும் நீர்மோர், பானகம், தொன்னையில் புளியோதரை என்று வழிநெடுகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டாமென்று மறுப்பது அங்கே வழக்கமில்லை. வயிறு பழகாத பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டுத் தண்ணீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

அடுத்தது பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி எனப்படும் கடலாமை. ஜனவரி முதல் இவை சென்னைக் கரையில் முட்டையிட வருகின்றன; ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஓடுபவை என்பதால், கடற்கரைச் சாலையின் விளக்குகளை நம்பித் திசைமாறிச் செத்துப்போகாமலிருக்கத் தன்னார்வலர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 1988 முதல் இதைச் செய்துவரும் மாணவர் அமைப்பு ஒன்று வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மணலில் சுமார் 7 கிலோமீட்டர் விடியவிடிய நடக்க வேண்டும். ஆமை வராமலும் போகலாம். சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் ஏப்ரல் மாலையொன்றில் பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்தில் விசாரித்து, குஞ்சுகளைக் கடலில் விடும்போது பார்க்கலாம். கைப்பேசியின் ஒளியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கடலில் இறங்கிக் குளிப்பதை மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் அறவே தவிர்க்கவும். நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்துச் செல்லும் நீரோட்டம் அது. அலைச்சறுக்கு ஆசை இருந்தால் கோவளத்தில் பயிற்சியாளரோடு இறங்கலாம். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வேடந்தாங்கல் போவதென்றால் மார்ச்சுக்குள் போய்விடுங்கள். பிறகு பறவைகள் கிளம்பிவிடும்.

சித்திரை முதல் நாளன்று, பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்று, வீட்டில் இருங்கள். முந்தைய மாலை பெரியவர்களோடு சந்தைக்குச் சென்று வேப்பம்பூவும் மாங்காயும் வாங்குவது, காலையில் வெல்லமும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கும் பச்சடியில் நெய்யில் வறுத்த பூவைப் பிள்ளைகளையே தூவச் சொல்வது, மாலையில் கோயிலில் பஞ்சாங்கம் படிக்கக் கேட்பது என்று அந்த நாள் தானாக நிறைந்துவிடும். இடையில் திருமண அழைப்பு வந்தால் மொய்க் கவரில் 501, 1001 என்று ஒற்றைப்படையாக வையுங்கள்.

செயலிகள் பலவும் உள்ளூர் எண்ணுக்கே ஓடிபி அனுப்புவதால், வந்த அன்றே பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பெரியம்மா கட்டித்தரும் மாவடு ஜாடியை இரட்டை உறையிட்டுச் சரக்குப் பெட்டிக்குள் வையுங்கள்; மாம்பழத்தைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை என்பதால், அதை இங்கேயே தின்று முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.